கல்லாவில் அமர்வோரும் புராஸ்டேட் தொல்லையும்



சரக்கு விலை, வரி, தராசு முத்திரை என்று எல்லாவற்றையும் கூடிப் பேசும் நாம், ஒன்றை மட்டும் வாய் திறந்து பேசுவதில்லை. ஐம்பதைத் தாண்டிய ஆண்களுக்கு வரும் சிறுநீர்த் தொல்லைதான் அது. இரவில் மூன்று நான்கு முறை எழுந்திருப்பது, போய் நின்றால் உடனே வராதது, மெலிந்து விட்டு விட்டு வருவது, முடித்த பிறகும் மிச்சம் இருப்பது போன்ற உணர்வு ஆகியவை இதன் அடையாளங்கள். பெரும்பாலும் இதற்குக் காரணம் புராஸ்டேட் சுரப்பி வீக்கம்.

புராஸ்டேட் என்பது எது?

ஆண்களுக்கு மட்டுமே உள்ள இச்சுரப்பி, சிறுநீர்ப்பைக்குக் கீழே சிறுநீர்க் குழாயைச் சுற்றி வளையம் போல் அமைந்துள்ளது. இளவயதில் நம் கடையில் விற்கும் அக்ரூட் கொட்டை அளவுதான், சுமார் 20 கிராம். வயது ஏற ஏற இது பெருக்கிறது. 50 முதல் 60 வயதுக்குள் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்த வீக்கம் இருக்கும். பெருத்த சுரப்பி நடுவில் உள்ள குழாயை நெருக்குவதால்தான் தொல்லை. இது புற்றுநோய் அல்ல.

நம் தொழிலில் இது ஏன் கடுமையாகிறது?

காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ஷிப்டு விடும் நேரம்தான் மளிகைக் கடைகளுக்கு முக்கிய வியாபாரம். அந்த நேரத்தில் கல்லாவை விட்டு எழ முடியாமல் அடக்கி வைக்கிறோம். எழுந்திருக்கக் கூடாதென்றே பகலில் தண்ணீர் குடிப்பதைக் குறைத்து, டீயை மட்டும் ஐந்தாறு முறை குடிக்கிறோம். மலச்சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. இவை சுரப்பியைப் பெருக்க வைப்பதில்லை. இருக்கும் தொல்லையை அதிகமாக்குகின்றன.

செய்யக்கூடிய எளிய பயிற்சிகள்

1. பத்த கோணாசனம்: மடித்த போர்வை மேல், சுவரில் சாய்ந்து உட்காருங்கள். இரு பாதங்களையும் ஒன்று சேர்த்து, முழங்கால்களைப் பக்கவாட்டில் தளர விடுங்கள். அழுத்தக் கூடாது. மூட்டு வலி உள்ளவர்கள் தொடைக்கடியில் தலையணை வைத்துக்கொள்ளலாம். 3 நிமிடம் போதும். செருப்புத் தைக்கும் தொழிலாளர்கள் நாள் முழுதும் இப்படி அமர்வதால் அவர்களுக்குச் சிறுநீர் நோய் அரிது என்று பி.கே.எஸ். ஐயங்கார் 1966இல் வெளிவந்த தம் யோக நூலில் எழுதினார். அது அவர் கண்டு சொன்னது. மருத்துவ நிரூபணம் அல்ல.

2. மூல பந்தம்: ஆசனவாய்ப் பகுதித் தசையை 5 விநாடி மெல்லச் சுருக்கி, 10 விநாடி முழுதும் தளர்த்துங்கள். பத்து முறை செய்யலாம். சிறுநீர் கழிக்கும்போது செய்யக் கூடாது. அவசரமாக முட்டும்போது இரண்டு மூன்று முறை சுருக்கினால் வேகம் சற்று அடங்கும்.

3. காலை உயர்த்திப் படுத்தல்: மாலையில் 15 நிமிடம் படுத்து, கால்களை நாற்காலி மேல் வையுங்கள். பகலெல்லாம் காலில் இறங்கிய நீர், படுத்த பிறகு சிறுநீராகி நம்மை எழுப்புகிறது. மாலையிலேயே இறக்கிவிட்டால் இரவுத் தொல்லை குறையும். இதய நோயாளிகள் டாக்டரைக் கேட்டுச் செய்யவும்.

4. மூச்சு: வயிற்றைத் தளர்த்தி, இழுப்பதைவிட விடும் மூச்சை நீளமாக்கி 5 நிமிடம்.

ஆளுக்குத் தகுந்தபடி பயிற்சி இருக்க வேண்டும் என்பது, 1976இல் சென்னையில் தொடங்கப்பட்ட கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரத்தின் அடிப்படைக் கொள்கை. அரும்பாக்கம் அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரியிலும் கற்றுக்கொள்ளலாம்.

இவற்றோடு பகலில் தண்ணீரைக் குறைக்காதீர்கள். படுக்கப் போகும் முன் 2 மணி நேரம் நிறுத்துங்கள். சிறுநீர் கழித்தபின் அரை நிமிடம் பொறுத்து மீண்டும் ஒரு முறை முயலுங்கள். மூக்கடைப்பு மாத்திரையைத் தாமாக வாங்கி விழுங்காதீர்கள். சிறுநீர் திடீரென அடைத்துக்கொள்ள அது காரணமாகலாம்.

யோகம் எங்கே நிற்கிறது?

பெருத்த சுரப்பியை எந்த ஆசனமும் சுருக்காது. சுற்றியுள்ள தசையையும் மனத்தையும் தளர்த்தி, தொல்லையைத் தணிப்பதே அதன் வேலை. ஆகவே முதலில் பரிசோதனை, பிறகு பயிற்சி. அடிக்கடி போவது சர்க்கரை நோயாலும் இருக்கலாம். புற்றுநோய்க்கும் சில சமயம் இதே அறிகுறிகள்தான். சிறுநீர், சர்க்கரை, கிரியேட்டினின், பி.எஸ்.ஏ. ஆகிய சோதனைகளும் ஒரு ஸ்கேனும் நிலைமையைச் சொல்லிவிடும். தசையைத் தளர்த்தும் மாத்திரை சில நாட்களில் குணம் தரும். சுரப்பியைச் சுருக்கும் மாத்திரைக்குப் பல மாதம் ஆகும். தேவைப்பட்டால் வயிற்றைக் கிழிக்காமல், குழாய் வழியாகவே ஆபரேஷன் செய்கிறார்கள்.

சிறுநீர் அடியோடு நின்றாலோ, இரத்தம் வந்தாலோ, எரிச்சலுடன் குளிர்காய்ச்சல் கண்டாலோ கடையை மூடிவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நம் பகுதியினருக்குத் திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அருகிலேயே உள்ளது. கூச்சத்தால் நாள் கடத்தினால், தேங்கிய சிறுநீர் வலியில்லாமலே சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். கடன் பாக்கியைப் போலத்தான் இதுவும், தள்ளிப்போடுகிறவருக்கே நட்டம்.