குழந்தையின் கையைப் பிடித்து இழுக்கிறீர்களா?

பஸ் வந்துவிட்டது. அவசரத்தில் இரண்டு வயசு வாண்டின் ஒரு கையைப் பிடித்து வெடுக்கென்று படியில் தூக்கி விடுகிறீர்கள். உடனே 'வீல்' என்று அலறல்! அப்புறம் அந்தக் கையைத் தொடவே விடுவதில்லை. லேசாக மடங்கினபடி தொங்கப் போட்டுக் கொள்கிறது. வீக்கமும் காணோம். என்ன ஆச்சு?

முழங்கை என்றால் ஒரே மூட்டு என்றுதானே நினைக்கிறோம்? உங்கள் கையை மடக்கி நீட்டிப் பாருங்கள். கதவுக் கீல் மாதிரி போய் வருகிறதே, அது கீல் மூட்டு. இப்போது முழங்கையை இடுப்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, பூட்டில் சாவி திருப்புகிற மாதிரி உள்ளங்கையைத் திருப்புங்கள். இதற்கு அங்கேயே பக்கத்தில் முளை மூட்டு என்று இன்னொன்று இருக்கிறது. கட்டைவிரல் பக்கத்து எலும்பின் தலை, ஒரு நார் வளையத்துக்குள் சுழல்கிறது.

சின்னக் குழந்தைகளுக்கு இந்த வளையம் அவ்வளவு இறுக்கமாக இருக்காது. இழுத்த வேகத்தில் எலும்புத் தலை கொஞ்சம் நழுவ, வளையம் இடுக்கில் மாட்டிக் கொள்கிறது. ஒன்றிலிருந்து நாலு வயசுவரை இது சகஜம். ஐந்துக்கு மேல் அபூர்வம்.

நீங்களே திருகிப் பார்ப்பது, எண்ணெய் போட்டு நீவுவது... கூடவே கூடாது! டாக்டர் பக்குவமாகத் திருப்பி மடக்கினால் 'டிக்'கென்று உட்கார்ந்துவிடும். பெரும்பாலும் சில நிமிஷத்திலேயே பிஸ்கெட்டுக்குக் கை நீளும்! கீழே விழுந்திருந்தாலோ, வீக்கம் இருந்தாலோ எலும்பு முறிவாகவும் இருக்கலாம். எக்ஸ்ரே தேவைப்படும்.

ஒருமுறை நழுவினது மறுபடியும் நழுவலாம். கையைப் பிடித்துத் தட்டாமாலை சுற்றுகிற தாத்தா, மாமாக்களிடமும் சொல்லி வையுங்கள். தூக்குவதானால் இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்கட்டும்.