ஐசியுவில் மூளை தடுமாறும்போது

நிமோனியாவுக்காகச் சேர்த்த பெரியவர் இரண்டு நாள் தெளிவாகத்தான் பேசிக்கொண்டிருப்பார். மூன்றாம் நாள் இரவு டிரிப்ஸ் குழாயைப் பிடுங்குவார். என்றோ செத்துப்போன அண்ணன் கட்டிலருகே நிற்பதாகச் சொல்வார். மகளைப் பார்த்து யாரென்று கேட்பார். விடிந்ததும் ஒன்றுமே நடக்காததுபோல் காபி கேட்பார். வீட்டில் இதை ஜன்னி என்பார்கள், மருத்துவர்கள் டெலிரியம் என்பார்கள். பைத்தியமும் இல்லை, முதுமை மறதியும் இல்லை. சில மணி நேரத்திலோ சில நாளிலோ கிளம்பி, ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதுதான் இதன் அடையாளம்.

ஜார்ஜ் ஏங்கல், ஜான் ரோமானோ என்ற அமெரிக்க மருத்துவர்கள் 1959-லேயே இதை மூளையின் செயலிழப்பு என்று எழுதினார்கள். இப்படிப்பட்ட நோயாளிகளின் ஈஈஜி-யில் மூளை அலைகள் மந்தமாகிவிடுவதை அவர்கள் பார்த்திருந்தார்கள். சிறுநீரகம் பழுதானால் இரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு ஏறுகிறது. மூளை திணறினால் கவனம் சிதறுகிறது, பேச்சு குழறுகிறது.

ஏன் திணறுகிறது? முதல் காரணம் பற்றாக்குறை. உடல் எடையில் மூளை 2 சதவீதம்தான். ஆனால் உடம்பு செலவழிக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய 20 சதவீதம் அதற்கே போகிறது. சேமிப்பு என்று பெரிதாக எதுவும் கிடையாது. ஆக்சிஜனோ சர்க்கரையோ இரத்த அழுத்தமோ இறங்கினால் முதலில் அடிவாங்குவது அதுதான். சோடியம் வேகமாகக் குறைந்தாலும், கல்லீரல் கெட்டு அம்மோனியா தேங்கினாலும், சிறுநீரகம் கெட்டு யூரியா ஏறினாலும் இதே கதைதான்.

இரண்டாவது காரணம் அழற்சி. எண்பது வயதுப் பாட்டிக்குச் சிறுநீர்த் தொற்று. கிருமி மூளைப் பக்கம் போகவே இல்லை, ஆனாலும் பாட்டி பிதற்றுகிறார். தொற்றோடு போராடும் உடல் சைட்டோகைன் என்ற வேதிப்பொருட்களை இரத்தத்தில் விடுகிறது. கண்டதையும் மூளைக்குள் விடாமல் காக்கும் இரத்தக்குழாய்ச் சுவர் அப்போது கசியத் தொடங்குகிறது. உள்ளே காவலிருக்கும் மைக்ரோகிளியா செல்கள் உசுப்பப்பட்டு, பக்கத்து நரம்புகளின் வேலையைக் குலைக்கின்றன. வயதானவர்களிடம், அதிலும் ஏற்கெனவே மறதி நோய் உள்ளவர்களிடம், இந்தச் செல்கள் சின்னத் தூண்டலுக்கே சீறும். இளைஞருக்கு வெறும் காய்ச்சலாகப் போவது தாத்தாவுக்கு ஜன்னியாவது இதனால்தான்.

மூன்றாவது, நரம்புகள் பேசிக்கொள்ளும் வேதிப்பொருட்களின் குளறுபடி. கவனத்தைப் பிடித்து நிறுத்தும் அசிட்டைல்கோலின் குறைகிறது, டோபமின் மிஞ்சுகிறது. இல்லாதது கண்ணுக்குத் தெரிகிறது. அரிப்புக்கும் சளிக்கும் சாதாரணமாகப் போடுகிற அவில் போன்ற மருந்துகளும் அசிட்டைல்கோலினைத் தடுப்பவைதான். வயதானவர்களுக்கு அவற்றைக் கொடுக்குமுன் யோசிக்க வேண்டும்.

அப்படியானால் அசிட்டைல்கோலினைக் கூட்டினால் சரியாகிவிடாதா? நெதர்லாந்தில் ஐசியு நோயாளிகளுக்கு அதைக் கூட்டும் ரிவாஸ்டிக்மின் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த மருந்து பெற்றவர்களிடையே இறப்பு அதிகமாகத் தெரிந்ததால் ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். 2010-இல் முடிவு வெளியானது. டோபமினைத் தடுக்கும் ஹாலோபெரிடாலும் 2018-இல் வந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில் போலி மருந்தைவிட டெலிரியத்தைச் சீக்கிரம் தீர்க்கவில்லை. ஒரே ஒரு வேதிப்பொருளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது இங்கே எடுபடாது.

குடிப்பழக்கம் உள்ளவரின் கதை வேறு. தினமும் மதுவால் அமுக்கப்பட்ட மூளை, அதை ஈடுகட்டத் தன் வேகத்தைக் கூட்டி வைத்திருக்கும். ஆஸ்பத்திரியில் குடி சட்டென்று நின்றதும், பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்கு நாளுக்குள், நடுக்கமும் வியர்வையும் பிரமையுமாக அது கட்டுமீறும். இதற்கு மூளையை அமைதிப்படுத்தும் லோரசெபாம் வகை மருந்துதான் வைத்தியம். மற்றவர்களுக்கு அதே வகை மருந்து டெலிரியத்தை வரவழைக்கக்கூடும்! அதனால் குடியை மருத்துவரிடம் மறைக்கிற கௌரவம் நோயாளிக்கு வினையாகிவிடும்.

கத்துகிறவரை எல்லோரும் கவனிக்கிறார்கள். சுவரைப் பார்த்துச் சோர்ந்து கிடப்பவரை, ‘பாவம், அசந்து தூங்குகிறார்’ என்று விட்டுவிடுகிறோம். அவருக்கும் இதே கோளாறு இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க, ஐசியுவில் செவிலியர் நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு பத்து ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்வார். ‘ஏ’ வரும்போது மட்டும் கையை அழுத்த வேண்டும். இரண்டுக்கு மேல் தவறினால் கவனம் சிதறுகிறது என்று பொருள். வாயில் குழாய் இருப்பவரையும் இப்படிச் சோதிக்கலாம்.

அமெரிக்காவில் சுவாசச் செயலிழப்போ அதிர்ச்சி நிலையோ உள்ள 821 ஐசியு நோயாளிகளைப் பின்தொடர்ந்த 2013 ஆய்வில் 74 சதவீதம் பேருக்கு டெலிரியம் வந்தது. அது எத்தனை நாள் நீடித்ததோ, ஓராண்டுக்குப் பிறகு சிந்தனைத் திறனும் அவ்வளவு மோசமாக இருந்தது. அதனால் தானாகத் தெளியட்டும் என்று காத்திருக்காமல், குழப்பம் எப்போது தொடங்கியது, என்னென்ன மாத்திரை சாப்பிட்டார், எதை நிறுத்தினார் என்பதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். சுற்றி நடப்பது அவருக்குத் தெளிவாகத் தெரிய, அவருடைய கண்ணாடியும் காது மெஷினும் வீட்டில் இருந்தால் அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள்.