பில் மெஷின் வாங்கப் போறீங்களா பாஸ்?

இன்டர்வெல் பெல் அடிச்ச அடுத்த நிமிஷம் கேன்டீன் கவுன்ட்டரைப் பார்த்திருப்பீங்க. ‘‘அண்ணே, ரெண்டு பரோட்டா, ஒண்ணு பார்சல்!’’, ‘‘அக்கா, ஒரு மினி இட்லி, ரெண்டு டீ!’’னு நாலு பக்கமும் கை நீளும். இருக்கிறதே 15 நிமிஷம். அதுக்குள்ள பில் போட்டு, காசு வாங்கி, தட்டையும் நீட்டியாகணும். இந்தக் களேபரத்தைச் சமாளிக்கிற சிஸ்டத்துக்குப் பேர்தான் பி.ஓ.எஸ்... அதாவது பாயின்ட் ஆஃப் சேல். நம்ம பாஷையில பில் மெஷின்!

டிகிரி முடிச்சதும் ஃப்ரெண்ட்ஸ் சேர்ந்து ஃபாஸ்ட் ஃபுட் கடை போடுற ஐடியா இருக்கா? அடுப்பும் ஃப்ரிட்ஜும் வாங்க பத்து கடை ஏறி இறங்குறவங்ககூட, பில் மெஷினை ஒரே ஒரு டெமோ பார்த்து ஓகே பண்ணிடுறாங்க. டெமோவுல எல்லா மெஷினும் சூப்பர் ஸ்டார்தான். உண்மையான பரீட்சை கூட்ட நேரத்துலதான். போடப்போறது அப்பாவோட சேமிப்பாகவோ பேங்க் லோனாகவோ இருக்கும். அதனால, கொஞ்சம் உஷாரா செலக்ட் பண்ணுவோமா?

முதல்ல கூட்டத்தை எண்ணுங்க!

ஒரு சின்னக் கணக்கு. 15 நிமிஷம்னா 900 செகண்ட். ஒரு பில்லுக்கு 30 செகண்ட் ஆனா, 30 பேருக்குத்தான் பில் போட முடியும். அதையே 15 செகண்டா குறைச்சா 60 பேர். ஆகா, வேகமான மெஷின் வாங்கிட்டா வேலை முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க. தோசைக்கல்லுல மூணு நிமிஷத்துக்கு நாலு தோசைதான் வருதுன்னு வெச்சுக்குவோம். 15 நிமிஷத்துல மொத்தமே 20 தோசை! 60 பேரும் தோசைக்கே டோக்கன் வாங்கினா, பில் கவுன்ட்டர் க்யூ அப்படியே தோசைக்கல் பக்கம் இடம் மாறும். அவ்வளவுதான்!

அதனால, கூட்டம் எங்கே முட்டிக்கிட்டு நிக்குதுன்னு முதல்ல பாருங்க. எந்த மணி நேரத்துல எந்த ஐட்டம் எத்தனை போச்சுன்னு ரிப்போர்ட் தர்ற சிஸ்டமா தேடுங்க. ரெண்டாவது மெஷின் வேணுமா, ரெண்டாவது தோசைக்கல் வேணுமான்னு அந்த ரிப்போர்ட்டே சொல்லிடும்.

மாஸ்டருக்குப் புரியணும்!

கவுன்ட்டர்ல பில் விழும்போதே கிச்சன்ல ஒரு சீட்டு விழணும். அதுக்குப் பேர் கே.ஓ.டி. ‘முட்டை வேணாம்’, ‘காரம் கம்மி’ எல்லாம் அதுலதான் போகும். மாஸ்டருக்குத் தமிழ்தான் வசதின்னா சீட்டும் தமிழ்லதான் வரணும். இங்கேதான் ஒரு டெக்னிக்கல் சிக்கல். பெரும்பாலான பில் பிரின்ட்டர்கள்ல தமிழ் எழுத்தே கிடையாது. சாஃப்ட்வேர்தான் எழுத்தைப் படமா மாத்தி அனுப்பணும். டெமோவுக்குப் போகும்போது ‘கொத்து பரோட்டா’ன்னு அடிச்சுக் காட்டச் சொல்லுங்க. கொம்பும் புள்ளியும் இடம் மாறாம வந்தா பாஸ் மார்க்!

இன்னொண்ணு... தெர்மல் பேப்பர் சூடு பட்டா கறுத்துடும். பிரின்ட்டரை அடுப்புக்குப் பக்கத்துல வைக்காதீங்க.

நெட் போனா..?

டெமோ நடக்கும்போதே நெட்டைப் பிடுங்கிட்டு பத்து பில் போடச் சொல்லுங்க. பில்லும் கிச்சன் சீட்டும் நிக்காம வரணும். நெட் திரும்பினதும் பத்தும் தானா கணக்குல ஏறணும். கரன்ட் கட்டுக்கு யு.பி.எஸ். உண்டான்னும் பாருங்க.

யு.பி.ஐ.க்கு சுவத்துல ஒட்டின க்யூ.ஆர். போதாதான்னு கேட்கலாம். அதுல கஸ்டமரே தொகையை டைப் பண்ணணும், நீங்க அவர் போனை எட்டிப் பார்க்கணும். பில்லுக்கு பில் தொகையோட க்யூ.ஆர். காட்டி, பணம் வந்ததும் தானே டிக் அடிக்கிற சிஸ்டம்னா, பழைய ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டி நழுவுற வேலை நடக்காது!

வரி விஷயம் விளையாட்டில்லை!

2017 ஜூலையில ஜி.எஸ்.டி. வந்தப்போ ஏ.சி. இல்லாத ஹோட்டலுக்கு 12 சதவிகிதம், ஏ.சி.க்கு 18. அதே வருஷம் நவம்பர் 15-ல இருந்து சாதாரண ஹோட்டல்களுக்கு 5 ஆச்சு. நாலரை மாசத்துல ரேட்டே மாறிடுச்சு! அதனால, வரி சதவிகிதத்தை நீங்களே மாத்துற வசதி இருக்கணும். காம்போசிஷன் முறையில பதிவு பண்ணின கடைன்னா கஸ்டமர்கிட்ட தனியா வரி வாங்கவே கூடாது. அதுக்கேத்த பில் ஃபார்மட் இருக்கான்னு கேளுங்க. 2022 ஜனவரியில இருந்து பில்லுல உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ் நம்பரும் கட்டாயம். ஸ்விகி, ஸொமேட்டோ ஆர்டர்களுக்கும் அதே மாசத்துல இருந்து வரி கட்டுறது அந்தக் கம்பெனிகள்தான். அந்தக் கணக்கைத் தனியாப் பிரிக்காத மெஷின் உங்களுக்குத் தலைவலி!

கல்லாவுக்கு ஒரு காவல்!

கேஷ் ரிஜிஸ்டர் பிறந்ததே நம்பிக்கைப் பிரச்னையிலதான். அமெரிக்காவுல டேட்டன் நகரத்துல மதுக்கடை வெச்சிருந்த ஜேம்ஸ் ரிட்டி, ஊழியர்கள் காசை அமுக்குறதைத் தடுக்க 1879-ல உருவாக்கினது அது. இன்னிக்கும் அதே வேலைதான். ஆளுக்கொரு லாகின், கேன்சல் பண்ணின பில்லுக்குத் தனி ரிப்போர்ட் ரெண்டும் முக்கியம். பார்ட்னர்ஸ் ஃப்ரெண்ட்ஸா இருந்தா இன்னும் முக்கியம். கணக்கு பளிச்சுனு இருந்தாத்தான் நட்பும் நிலைக்கும்!

கடைசியா, பணம் கட்டுறதுக்கு முன்னாடி மூணு கேள்வி... ரெண்டாவது வருஷம் எவ்வளவு? ஞாயித்துக்கிழமை ராத்திரி ரிப்பேர்னா யார் வருவாங்க? வேற சிஸ்டம் மாறினா என் மெனுவும் விற்பனைக் கணக்கும் எக்செல் ஃபைலா கைக்கு வருமா? மூணுக்கும் எழுத்துல பதில் கிடைச்சா அட்வான்ஸ் கொடுங்க. இல்லைன்னா... சாதாரண டோக்கன் புக்கோட கடையைத் திறங்க. பத்து நாள் வியாபாரம் பார்த்தீங்கன்னா, என்ன மெஷின் வேணும்னு உங்களுக்கே தெரிஞ்சிடும்!