துப்பாக்கிப் படம் போட்ட மாணவன்: பள்ளிக்கூடம் என்ன செய்ய வேண்டும்?

2021-ஆம் ஆண்டு நவம்பர் 26, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஆக்ஸ்போர்டு என்றொரு சிற்றூர். அங்கே ஒரு தந்தை தம்முடைய 15 வயது மகனைக் கடைக்கு அழைத்துப் போய் ஒரு கைத்துப்பாக்கி வாங்கினார். பையன் அதைப் படமெடுத்து, 'என் புது அழகி' என்ற பொருள்பட எழுதி, இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டான். மறுநாள் தாயார் அவனைச் சுடும் பயிற்சிக்கு அழைத்துச் சென்றார்.

திங்கட்கிழமை. வகுப்பில் அவன் கைப்பேசியில் தோட்டாக்களைப் பற்றித் தேடிக்கொண்டிருந்ததை ஆசிரியர் ஒருவர் கண்டார். பள்ளியிலிருந்து தாயாருக்குச் செய்தி போயிற்று. தாயார் பள்ளிக்குப் பதில் சொல்லவில்லை. மகனுக்கு மட்டும், 'எனக்குக் கோபமில்லை. அகப்படாமல் இருக்கக் கற்றுக்கொள்' என்று வேடிக்கையாகக் குறுஞ்செய்தி அனுப்பினார்.

செவ்வாய்க்கிழமை காலை. கணக்குத் தாளில் துப்பாக்கியையும் இரத்தத்தையும் வரைந்து, 'எண்ணங்கள் நிற்கவில்லை, எனக்கு உதவுங்கள்' என்று அந்தப் பையன் எழுதியிருந்தான். பெற்றோர் பள்ளிக்கு அழைக்கப்பட்டனர். மகனை வீட்டுக்கு அழைத்துப் போக அவர்கள் மறுத்துவிட்டனர். நான்கு நாட்களுக்கு முன் துப்பாக்கி வாங்கியதையும் சொல்லவில்லை. பள்ளியிலும் யாரும் அவனுடைய பையைத் திறந்து பார்க்கவில்லை. அவன் வகுப்புக்கே திரும்பினான். ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் நான்கு மாணவர்கள் பிணமானார்கள். ஏழு பேர் காயமடைந்தார்கள்.

அன்பான வாசகர்களே, 'இது அமெரிக்காவின் கதைதானே, நமக்கென்ன?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நம் நாட்டில் துப்பாக்கி கடையில் கிடைக்கும் பொருளன்று என்பது உண்மைதான். ஆனால் படம் போடும் கைப்பேசி தோட்டத்து லயத்திலும் இருக்கிறது, பட்டணத்து அடுக்குமாடியிலும் இருக்கிறது. ஒரு பிள்ளை ஆயுதப் படம் ஒன்றைப் போட்டுவிட்டால் ஆசிரியர் என்ன செய்வது, பெற்றோர் என்ன செய்வது? பெரும் விலை கொடுத்து இதைக் கற்றுக்கொண்டிருக்கும் நாட்டைப் பார்த்து நாமும் கற்றுக்கொள்ளலாம் அல்லவா?

எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தலாமா?

முதலில் எழும் குரல், 'உடனே பள்ளியை விட்டு நீக்கு!' என்பதுதான். அமெரிக்கா அதைச் செய்து பார்த்த நாடு. பள்ளிக்குத் துப்பாக்கி கொண்டுவரும் மாணவனை ஓராண்டுக்கு நீக்கவேண்டும் என்று 1994-இல் அங்கே சட்டம் வந்தது. அதில் தவறில்லை. ஆனால் பல பள்ளிகள் அந்தச் சட்டத்தின் எல்லையைத் தாண்டி, துப்பாக்கி என்ற சொல்லுக்கும் உருவத்துக்கும்கூடத் தண்டனை கொடுக்கத் தொடங்கின. 2013-இல் மேரிலாந்து மாநிலத்தில் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் காலைப் பசியாறலுக்குக் கொடுத்த இனிப்புப் பலகாரத்தைக் கடித்துக் கடித்துத் துப்பாக்கி வடிவில் செய்தான் என்று இரண்டு நாள் பள்ளியிலிருந்து விலக்கிவைக்கப்பட்டான். பலகாரம் யாரைச் சுடும்?

இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு தண்டிக்கும் முறையை அமெரிக்க உளவியல் சங்கத்தின் சிறப்புக் குழு ஆராய்ந்து 2008-இல் அறிக்கை வெளியிட்டது. இந்த முறையால் பள்ளிகள் பாதுகாப்பாகிவிட்டன என்பதற்குச் சான்று இல்லை என்று அக்குழு சொல்லிற்று.

இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. நீக்கப்பட்ட பிள்ளை எங்கே போகிறான்? வீட்டுக்கு. அமெரிக்காவில் துப்பாக்கி இருப்பதும் அந்த வீட்டில்தான். பெற்றோர் வேலைக்குப் போய்விட, மனத்தில் வன்மத்தோடு தனியே உட்கார்ந்திருக்கும் பிள்ளையால் பள்ளிக்கு என்ன பாதுகாப்பு? தண்டனை வேறு, பாதுகாப்பு வேறு. இரண்டையும் ஒன்றென்று நினைப்பதுதான் முதல் தவறு.

சட்டம் என்ன சொல்கிறது?

'பள்ளிக்கு வெளியே, விடுமுறை நாளில் போட்ட படத்தைக் கேட்கப் பள்ளிக்கு என்ன உரிமை?' என்று அங்கே பெற்றோர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். தந்தையோடு வேட்டைக்குப் போவதும், சுடும் பயிற்சிக்குப் போவதும் பல அமெரிக்கக் குடும்பங்களில் வழக்கம். நம் பிள்ளைகள் தூண்டிலும் மீனுமாகப் படம் போடுவதைப்போல அவர்கள் துப்பாக்கியோடு படம் போடுகிறார்கள்.

1965 டிசம்பரில் ஐயோவா மாநிலத்தின் டி மாயின் நகரில், வியட்நாம் போரில் மாண்டவர்களுக்காகச் சில மாணவர்கள் கையில் கறுப்புப் பட்டை கட்டி வந்தார்கள். பள்ளி அவர்களைத் தண்டித்தது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை போயிற்று. மாணவர்கள் தங்கள் பேச்சுரிமையைப் பள்ளி வாசலில் விட்டுவிட்டு உள்ளே போவதில்லை என்று 1969-இல் தீர்ப்பானது. பள்ளியின் வேலைக்குப் பெரும் இடையூறு நேர்ந்தால், அல்லது நேரும் என்று எதிர்பார்க்கத் தக்க காரணம் இருந்தால் மட்டுமே பள்ளி தடுக்கலாம்.

பிறகு 2021-இல் பென்சில்வேனியா மாணவி ஒருத்தியின் வழக்கு வந்தது. விளையாட்டு உற்சாகக் குழுவில் தனக்கு மேல்நிலை இடம் கிடைக்காத ஆத்திரத்தில் ஒரு சனிக்கிழமை கெட்ட வார்த்தைகளை ஸ்னாப்சாட்டில் போட்டுவிட்டாள். குழுவிலிருந்து அவளை ஓராண்டு நீக்கியது தவறு என்று ஒன்பது நீதிபதிகளில் எட்டுப் பேர் தீர்ப்பளித்தனர். அதே தீர்ப்பு, கடுமையான பகடிவதை, ஆசிரியர்களையோ மாணவர்களையோ குறிவைக்கும் மிரட்டல் போன்றவற்றில், அவை பள்ளிக்கு வெளியே நடந்தாலும், பள்ளி தலையிடலாம் என்றும் சொல்லியது.

ஆகவே, வெறும் படம் குற்றமாகிவிடாது. ஆளைக் குறிவைத்த மிரட்டல் வெறும் பேச்சாகிவிடாது. பள்ளியின் கைக்கு வரும் செய்தியோ பெரும்பாலும் இவ்விரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது. விசாரித்தாலன்றி அது எந்தப் பக்கம் என்று எப்படித் தெரியும்?

ஒருநாள் விசாரணை போதாது

விசாரித்தும் கோட்டைவிட்ட கதையும் உண்டு. 2023 மே மாதம், பள்ளியைச் சுடப்போவதாக இணையத்தில் ஒரு மிரட்டல் துப்பாக்கிப் படங்களோடு வந்ததென்று அமெரிக்கப் புலனாய்வுத் துறைக்குத் தகவல் கிடைத்தது. ஜார்ஜியா மாநிலத்தில் உள்ளூர்க் காவலர்கள் 13 வயதுப் பையன் ஒருவனையும் அவன் தந்தையையும் விசாரித்தார்கள். பையன் தான் எழுதவில்லை என்றான். வீட்டில் வேட்டைத் துப்பாக்கிகள் உண்டு, ஆனால் பிள்ளை தன் இஷ்டத்துக்கு எடுக்க முடியாது என்றார் தந்தை. நிரூபிக்க முடியாமல் விவகாரம் அதோடு நின்றது. அந்த ஆண்டு கிறிஸ்துமசுக்குத் தந்தை மகனுக்கு நீளத் துப்பாக்கி ஒன்றைப் பரிசளித்தார் என்று பின்னர் புலனாய்வாளர்கள் தெரிவித்தனர். 2024 செப்டம்பர் 4-ஆம் நாள் அப்பலாச்சி உயர்நிலைப் பள்ளியில் இரண்டு மாணவர்களும் இரண்டு ஆசிரியர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். குற்றஞ்சாட்டப்பட்டவன் அதே பையன்.

கேள்வி கேட்டார்கள். ஆனால் ஒரு நாள் கேட்டதோடு முடிந்துவிட்டது. வளரும் பிள்ளையின் மனம் மாதத்துக்கு மாதம் மாறும். வீட்டுச் சூழலும் மாறும். பால்மரத்துக்கு ஒருமுறை மருந்து தடவிவிட்டு ஆண்டு முழுதும் திரும்பிப் பாராமல் இருப்போமா?

வெர்ஜீனியா காட்டிய வழி

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? வெர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் உளவியல் பேராசிரியர் டூவி கார்னெலும் உடன் பணியாற்றியவர்களும் 2001 முதல் ஒரு முறையை உருவாக்கிச் சோதித்தார்கள். தலைமையாசிரியர், ஆலோசக ஆசிரியர், உளவியலாளர், காவலர் ஆகியோர் கொண்ட குழு ஒன்று பள்ளியில் இருக்கும். மிரட்டல் என்று எது வந்தாலும் குழு உடனே கூடி விசாரிக்கும். கோபத்திலோ விளையாட்டாகவோ வாய் தவறி வந்ததா, அல்லது உள்ளத்தில் உண்மையாகவே கெடுதல் எண்ணம் இருக்கிறதா என்று பிரித்துப் பார்க்கும்.

முதற் சோதனையில் 35 பள்ளிகளிலிருந்து 188 மிரட்டல்கள் பதிவாயின. அவற்றில் ஏறக்குறைய 70 விழுக்காடு முதல் வகை. விளக்கம் கேட்டு, மன்னிப்புக் கேட்கவைத்து, தக்கபடி கண்டித்துத் தீர்த்துவிடக் கூடியவை. மீதியைத்தான் ஆழமாகப் பார்க்க வேண்டியிருந்தது. 2013-இல் அம்மாநிலம் அரசாங்கப் பள்ளிகளில் இத்தகைய குழு இருக்கவேண்டும் என்று சட்டமே இயற்றியது. மிச்சிகன் பள்ளியில் இத்தகைய மதிப்பீடு முறையாகச் செய்யப்படவில்லை என்று 2023-இல் வெளிவந்த தனி விசாரணை அறிக்கை குறைகூறியது நினைவில் இருக்கட்டும்.

படம் ஒன்று கண்ணில் பட்ட அன்றைக்கே பள்ளி கேட்டறிய வேண்டியவை இவை:

படத்தில் இருப்பது உண்மைத் துப்பாக்கியா, பொம்மையா, எங்கிருந்தோ எடுத்து ஒட்டியதா? யாருக்குச் சொந்தம்? இந்த நிமிடம் அது எங்கே, யாருடைய பூட்டுக்குள் இருக்கிறது?

படத்தோடு எழுதியது என்ன? பள்ளியின் பெயரோ, ஓர் ஆளின் பெயரோ, ஒரு நாளோ குறிக்கப்பட்டிருக்கிறதா?

அந்தப் பிள்ளைக்கு அண்மையில் என்ன நேர்ந்தது? பகடிவதையா, வீட்டில் சாவா, பெற்றோர் பிரிவா, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமா?

இதற்கு முன் வேறு ஆசிரியர்கள் எதையாவது கவனித்தார்களா?

கடைசிக் கேள்விதான் முக்கியம். ஆக்ஸ்போர்டில் செய்திகள் துண்டு துண்டாக இருந்தன. படம் இணையத்தில், தேடல் கைப்பேசியில், ஓவியம் கணக்குத் தாளில், துப்பாக்கி பைக்குள். எல்லாவற்றையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கத்தான் ஆள் இல்லாமல் போயிற்று.

விடை தெரியும்வரை பிள்ளையை வகுப்புக்கும் அனுப்பக் கூடாது, தனியே வீட்டுக்கும் அனுப்பக் கூடாது. பொறுப்பான பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். பையைப் பார்க்க வேண்டும். பெற்றோரை நேரில் அழைக்க வேண்டும். ஆபத்து உண்மை என்று தோன்றினால் தயங்காமல் போலீசைக் கூப்பிட வேண்டும். வெறும் விளையாட்டு என்று தெரிந்தால் நிதானமாகக் கண்டித்து, ஊரறிய அவமானப்படுத்தாமல் விட்டுவிட வேண்டும். 2024-இல் புளோரிடாவில் மிரட்டல் விடுத்ததாகக் கைதான 11 வயதுச் சிறுவனின் படத்தை மாவட்டக் காவல் தலைவரே இணையத்தில் வெளியிட்டார். மற்றப் பிள்ளைகளுக்கு அது எச்சரிக்கை என்றார்கள் சிலர். ஆனால் காலமெல்லாம் அந்த முகம் இணையத்தில் கிடக்கும். அடுத்த பிள்ளை தான் அறிந்ததைச் சொல்ல வருமா, அல்லது தோழன் கதி இப்படியாகுமே என்று வாயை மூடிக்கொள்ளுமா?

முதலில் அறிபவர் யார்?

ஏன் இதைச் சொல்கிறோம் என்றால், இத்தகைய செய்தியை முதலில் அறிபவர் பெரும்பாலும் ஆசிரியரும் அல்லர், பெற்றோரும் அல்லர். 1974 முதல் 2000 வரை அங்கே நடந்த 37 பள்ளித் தாக்குதல்களை அமெரிக்க இரகசியச் சேவையும் கல்வித் துறையும் ஆராய்ந்து 2002-இல் அறிக்கை கொடுத்தன. 81 விழுக்காட்டுச் சம்பவங்களில், நடக்கப்போவதைப் பற்றி ஒருவருக்காவது முன்கூட்டியே தெரிந்திருந்தது. அப்படித் தெரிந்தவர்கள் பெரும்பாலும் நண்பர்கள், வகுப்புத் தோழர்கள், உடன்பிறந்தவர்கள்.

கோள் சொல்வது வேறு, காப்பாற்றச் சொல்வது வேறு என்பதைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். ஒருவனை மாட்டிவிடச் சொன்னால் அது கோள். ஓர் உயிரைக் காக்கச் சொன்னால் அது நட்பு. சொன்ன பிள்ளையின் பெயரைப் பள்ளி வெளியிடாது, சொல்லப்பட்ட பிள்ளையைக் குதறாது என்ற நம்பிக்கை இருந்தால்தான் அந்தப் பிள்ளை வாய் திறக்கும்.

வீட்டில் இருப்போருக்கு

மிச்சிகன் பையனுக்கு ஆயுள் முழுதும் சிறை. அவன் பெற்றோர் இருவரையும் 2024-இல் நீதிமன்றம் குற்றவாளிகளாகக் கண்டு, ஒவ்வொருவருக்கும் 10 முதல் 15 ஆண்டு வரை சிறைத்தண்டனை விதித்தது. பிள்ளை செய்த பள்ளிக் கொலைக்காகப் பெற்றோர் இப்படித் தண்டிக்கப்பட்டது அமெரிக்காவில் அதுவே முதல் முறை.

நம் வீட்டில் துப்பாக்கி இல்லாமல் இருக்கலாம். கத்தி இருக்கிறது. 2021-இல் சிங்கப்பூரில் ஓர் இடைநிலைப் பள்ளியில் 16 வயது மாணவன் 13 வயது மாணவனைக் கோடரியால் வெட்டிக் கொன்றான். 2025 அக்டோபரில் சிலாங்கூரில் 16 வயது மாணவி ஒருத்தி பள்ளியிலேயே குத்திக் கொல்லப்பட, 14 வயது மாணவன்மீது கொலைக்குற்றம் சாட்டப்பட்டது. ஆயுதம் எதுவானாலும் பிள்ளையின் மனந்தான் முதலில் பேசுகிறது.

ஆகவே பெற்றோர்களே, பள்ளியிலிருந்து அழைப்பு வந்தால், 'என் பிள்ளை அப்படிப்பட்டவன் அல்லன்' என்று வாதாடப் போகாதீர்கள். ஒரு நாள் சம்பளம் போனாலும் போகட்டும். போய் உட்கார்ந்து, வீட்டில் நடப்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். ஆசிரியர்களே, பிரம்பை எடுக்குமுன் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு அந்தப் பிள்ளையை உட்கார வையுங்கள். 'தம்பி, இந்தப் படத்தை ஏன் போட்டாய்?' என்று கேளுங்கள். அடுத்த வாரமும் கூப்பிட்டுக் கேளுங்கள்.

'எனக்கு உதவுங்கள்' என்று கணக்குத் தாளில் எழுதியவன் அன்று காலை வரை ஒரு மாணவன்தான். அவனையும் காப்பாற்றியிருக்கலாம், அந்த நால்வரையும் காப்பாற்றியிருக்கலாம்.