கடைசி வரை ஒரே ஜெர்சி: பாசமா? கட்டாயமா?



போன மாதம் சாப்பாட்டு இடைவேளையில் வேப்பமரத்தடியில் நடந்த சண்டை பலருக்கு ஞாபகம் இருக்கும். அடிதடி இல்லை, வாய்ச்சண்டைதான். எங்கள் தெரு ஃபுட்பால் டீமில் இருந்த கீப்பர் பக்கத்துத் தெரு டீமுக்குப் போய்விட்டான். அவனை நிற்க வைத்து "துரோகி, துரோகி" என்று கத்தினோம். நானும்தான் கத்தினேன். அந்த நேரம் பார்த்து பி.டி. சார் வந்துவிட்டார். திட்டுவார்னு நினைச்சோம். அவர் திட்டவில்லை. "கடைசி வரைக்கும் ஒரே டீம்ல ஆடினவங்க நாலு பேர் பேரைச் சொல்லுங்கடா. அவங்க ஏன் வேற டீமுக்குப் போகலைன்னும் சேர்த்துச் சொல்லுங்க" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

பெயர் சொல்வது சுலபம். அந்த 'ஏன்'தான் என்னை ஒரு மாதம் அலைய வைத்தது. தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறேன்.

முதல் பெயர் உங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். விராட் கோலி. 2008-இல் ஐ.பி.எல். தொடங்கியதிலிருந்து பெங்களூருவுக்கு மட்டுமே ஆடி, 2009, 2011, 2016 என்று மூன்று ஃபைனலில் தோற்று, 2025-இல் 18-ஆவது சீசனில்தான் கோப்பையைத் தொட்டார். ஆனால் கோலி டெல்லிக்காரர் ஆச்சே, பெங்களூருவுக்கு எப்படிப் போனார்? 2008-இல் 19 வயதுக்கு உட்பட்ட வீரர்களை அணிகள் தனியாக முறை வைத்துத் தேர்ந்தெடுத்தன. டெல்லி அணி கோலியை விட்டுவிட்டு பிரதீப் சங்வான் என்ற பந்துவீச்சாளரை எடுத்துக்கொண்டது. பெங்களூரு கோலியை எடுத்தது. ஆக, ஆரம்பமே அவர் கையில் இல்லை. (தோனியை ஏன் சொல்லவில்லை என்று ஒன்பதாம் வகுப்புத் தம்பிகள் சண்டைக்கு வருவார்கள். சென்னை அணி தடையில் இருந்த 2016, 2017 இரண்டு வருடமும் தோனி புனேவுக்கு ஆடினார். அவர் அணியை விட்டுப் போகவில்லை, அணியே ஆட்டத்தில் இல்லை!)

இனி ஃபுட்பாலுக்கு வருவோம். (தமிழ் ஐயா, 'கிளப்' என்று எழுதாதே, 'கழகம்' என்று எழுது என்றார். கழகம் என்று எழுதினால் நம்ம ஊரில் வேறு அர்த்தம் வந்துவிடும் என்பதால் கிளப் என்றே எழுதுகிறேன். ஐயா மன்னிக்கவும்.)

இத்தாலியில் ரோம் நகரத்துப் பையன் ஃபிரான்செஸ்கோ டோட்டி. 1993 மார்ச்சில், 16 வயதில், ரோமா கிளப்புக்கு முதன்முதலாக இறங்கினார். கடைசி மேட்ச் 2017 மே 28. நடுவில் 786 மேட்ச், 307 கோல். இத்தனை ஆடியும் இத்தாலிய லீக் பட்டம் ஒரே ஒரு தடவைதான், 2001-இல். ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் கூப்பிட்டும் போகவில்லை. போயிருந்தால் கோப்பைகளை அடுக்கி வைக்க அலமாரி வாங்கியிருக்கலாம். இவர் பாசத்தால் இருந்தவர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் அந்தக் கடைசி வருடத்தைப் பாருங்கள். பெரும்பாலும் வெளியே பெஞ்சில்தான் உட்கார வைத்தார்கள். விடைபெறும் மேட்சில்கூட இரண்டாம் பாதியில்தான் சாலாவுக்குப் பதிலாக இறக்கினார்கள். மேட்ச் முடிந்ததும் மைதானத்தில் நின்று ஒரு கடிதம் படித்தார். எனக்குப் பயமாக இருக்கிறது என்று அதில் சொன்னார். ஸ்டேடியமே அழுதது. நான் ஆட்டத்தை விடவில்லை, விடும்படி செய்தார்கள் என்று 2019-இல் வெளிப்படையாகவே சொன்னார். 25 சீசன் இருந்தவருக்கு இப்படி!

மிலான் கிளப்பின் பாவ்லோ மால்தீனி கதையும் இதே மாதிரிதான். 1985-இலிருந்து 2009 வரை 902 மேட்ச். ஏழு லீக் பட்டம், ஐந்து தடவை ஐரோப்பியக் கோப்பை. அவர் அப்பா சேசரே மால்தீனியும் மிலான் கேப்டன்தான், 1963-இல் ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கியவர். மகனுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனாலும் 2009-இல் சொந்த மைதானத்தில் ஆடிய கடைசி மேட்சில் மிலான் ரசிகர்களிலேயே ஒரு கூட்டம் விசிலடித்துக் கேலி செய்தது. அந்தத் தீவிர ரசிகர் கூட்டத்தோடு அவருக்குப் பழைய மனத்தாங்கல். பேனரே பிடித்தார்கள். விசுவாசமாக இருந்தால் விசுவாசம் திரும்பி வரும் என்று நாம் நினைக்கிறோம். எப்போதும் வருவதில்லை.

இப்போது நான் சொல்லப்போகிறவரைப் பற்றி உங்களில் யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். எனக்கு மிகவும் பிடித்தவர் இவர்தான். டாம் ஃபின்னி, இங்கிலாந்து. பிரெஸ்டன் என்ற ஊரில் பிறந்தார், அந்த ஊர் கிளப்புக்கே ஆடினார். எதற்கும் கையில் ஒரு தொழில் இருக்கட்டும் என்று அப்பா சொன்னதால் குழாய் வேலை கற்றுக்கொண்டார். இங்கிலாந்து அணிக்கு 76 மேட்ச் ஆடிய மனிதர் குழாய் ரிப்பேரும் செய்துகொண்டிருந்தார் என்றால் நம்ப முடிகிறதா? காரணம், அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் எவ்வளவு பெரிய வீரராக இருந்தாலும் இதற்கு மேல் சம்பளம் கிடையாது என்று ஒரு வரம்பு இருந்தது. அது 1961-இல் நீக்கப்பட்டபோதுகூட வாரத்துக்கு வெறும் 20 பவுண்டுதான்.

1952-இல் இத்தாலியின் பலெர்மோ கிளப் அவரைக் கூப்பிட்டது. கையெழுத்துப் போட்டதும் 10,000 பவுண்டு, மாதச் சம்பளம் தனி, வீடு, கார். ஃபின்னிக்கு ஆசை இருந்தது. பிரெஸ்டன் கிளப் முடியாது என்றுவிட்டது. அவ்வளவுதான், கதை முடிந்தது. ஏனென்றால் அன்றைய விதிப்படி ஒப்பந்தம் முடிந்த பிறகும் வீரர் கிளப்புக்குத்தான் சொந்தம். கிளப் சம்மதிக்காமல் வேறு எங்கும் ஆட முடியாது. மாடு விற்பவர் கயிற்றைக் கையில் வைத்திருப்பது மாதிரி.

1960 வரை பிரெஸ்டனிலேயே ஆடினார். லீக்கில் 433 மேட்ச், 187 கோல். பெரிய கோப்பை ஒன்றுகூட இல்லை. 1953-இல் ஆர்சனலுக்கும் பிரெஸ்டனுக்கும் ஒரே புள்ளிகள், கோல் கணக்கில் பட்டம் போனது. 1954 கோப்பை ஃபைனலில் 3-2 என்று தோல்வி. அவர் ஓய்வு பெற்ற அடுத்த வருடமே கிளப் முதல் டிவிஷனிலிருந்து இறங்கிவிட்டது. இன்று பிரெஸ்டன் மைதானத்துக்கு வெளியே, தேங்கிய தண்ணீரில் சறுக்கிக்கொண்டு பந்தைத் துரத்தும் ஃபின்னியின் சிலை இருக்கிறது. 1956-இல் எடுத்த ஒரு போட்டோவைப் பார்த்துச் செய்தது.

அவர் அந்த ஊரை நேசித்தார், அது உண்மை. கயிறும் இருந்தது, அதுவும் உண்மை. இந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. பழைய காலத்து 'ஒரே கிளப்' வீரர்கள் பட்டியலைப் பார்த்து, "அந்தக் காலத்துல எவ்வளவு விசுவாசம் பாரு" என்று பெரியவர்கள் சொல்வார்கள். பாதிப் பேருக்குக் கதவே பூட்டியிருந்தது என்பதைச் சொல்ல மாட்டார்கள்.

அந்தப் பூட்டை உடைத்தவர் பெரிய ஸ்டார் இல்லை. பெல்ஜியம் நாட்டு ஜான் மார்க் போஸ்மன். 1990-இல் லியேஜ் கிளப்போடு ஒப்பந்தம் முடிந்தது. புது ஒப்பந்தத்தில் சம்பளத்தை நாலில் ஒரு பங்காகக் குறைத்தார்கள். சரி, பிரான்சின் டன்கர்க் கிளப்புக்குப் போகிறேன் என்றால், அதற்கும் பணம் கேட்டு மறித்தார்கள். கோர்ட்டுக்குப் போனார். 1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம், ஒப்பந்தம் முடிந்த வீரரை ஐரோப்பிய ஒன்றிய நாட்டுக் கிளப்புகளுக்குள் பணம் கேட்டுத் தடுக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. அதற்குள் போஸ்மனுக்கு 31 வயது. ஆட்ட வாழ்க்கையே போய்விட்டது. பலன் அடைந்தது பின்னால் வந்தவர்கள்.

கதவு திறந்த பிறகும் டோட்டி வெளியே போகவில்லை. அதனால்தான் அவரைப் பாசக்காரர் என்று சொன்னேன்.

இருக்க ஆசைப்பட்டும் முடியாமல் போனவரும் உண்டு. மெஸ்ஸி! 13 வயதில் பார்சிலோனாவுக்கு வந்தவர். 2020-இல் அவரே போகிறேன் என்றார், கிளப் விடவில்லை. 2021-இல் பாதிச் சம்பளத்துக்கு இருக்கிறேன் என்றார். கிளப்பின் கடனும் லீக்கின் பண விதிகளும் சேர்ந்து அவரைப் பதிவு செய்ய முடியாமல் செய்துவிட்டன. ஆகஸ்ட் 8-ஆம் தேதி மைக் முன்னால் நின்று அவர் அழுததை டி.வி.யில் பார்த்தவர்கள் நம் வகுப்பிலேயே இருக்கிறார்கள். மெஸ்ஸியைத் துரோகி என்று சொல்வோமா?

சாருக்குப் பதில் எழுதி முடித்தபோது எங்கள் கீப்பர் ஞாபகம்தான் வந்தது. அவனை நாங்கள் தொடர்ந்து மூன்று மேட்ச் வெளியே உட்கார வைத்திருந்தோம். கேப்டனோட தம்பிதான் கீப்பிங் நின்றான். இவன் பந்து பொறுக்கிப் போட்டான். சண்டை போட்ட அன்று இதை எங்களில் ஒருத்தரும் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை சைக்கிள் ஸ்டாண்டில் அவனைப் பார்த்துப் பேசினேன். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அப்புறம், "ஞாயித்துக்கிழமை உங்க டீமோடதான் மேட்ச், தெரியும்ல?" என்று கேட்டான். தெரியும் என்றேன். "பெனால்ட்டி நீதான அடிப்ப? எப்பவும் இடது பக்கம்தான் அடிப்ப" என்று சிரித்தான்.

இவன் எங்க டீம்லயே இருந்திருக்கலாம்.

— விளையாட்டுப் பக்கம், பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு