100 புள்ளி எடுத்தும் கிடைக்காத விருது

கூடைப்பந்தில் எல்லாரையும் விடப் பெரியவர் மைக்கேல் ஜோர்டானா, லெப்ரான் ஜேம்ஸா? இன்று ஓயாமல் நடக்கும் இந்த வழக்கு, 60 ஆண்டுகளுக்கு முன்பே வேறு இருவரை வைத்து நடந்திருக்கிறது, நேயர்களே.

ஒருவர் வில்ட் சேம்பர்லின். 1962 மார்ச் 2 அன்று, அமெரிக்காவின் ஹெர்ஷி நகரில், நியூயார்க் நிக்ஸ் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள் குவித்தார். தொலைவிலிருந்து எறிந்தால் மூன்று புள்ளி என்ற விதி, அமெரிக்கத் தொழில்முறை கூடைப்பந்து லீக்கான என்பிஏ-வில் அப்போது இல்லை. அது 1979-ல்தான் வந்தது. அவர் 100 புள்ளி எடுத்த அந்தப் பருவம் முழுக்கவே அவருடைய சராசரி ஆட்டத்துக்கு 50.4. இன்றுவரை யாரும் அதை எட்டவில்லை.

அப்படியானால் அந்த ஆண்டின் மிக மதிப்புமிக்க வீரர் விருதும் அவருக்குத்தானே? இல்லை! அது இருவரில் மற்றவரான, சராசரியாக 18.9 புள்ளி எடுத்த பாஸ்டன் செல்டிக்ஸ் வீரர் பில் ரஸ்ஸலுக்குப் போனது. வாக்களித்தவர்கள் யார் தெரியுமா? களத்தில் இருவரோடும் மோதிய சக வீரர்கள்.

ரஸ்ஸலின் பலம் தடுப்பாட்டம். 13 பருவங்களில் 11 முறை அவரது அணி பட்டம் வென்றது. ஆனால் எதிராளியின் எறிதலை எத்தனை முறை தடுத்தார் என்ற கணக்கு மட்டும் ஏட்டில் இல்லை. என்பிஏ அதை எண்ணத் தொடங்கியதே 1973-74 பருவத்தில்தான். அதற்குள் இருவருமே ஓய்வு பெற்றுவிட்டார்கள். புள்ளிவிவரத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதுகிறவர்களுக்கு இது கொஞ்சம் சங்கடம்தான்.

சேம்பர்லினுக்குக் கிடைத்த பட்டங்கள் இரண்டு. முதலாவது 1967-ல், அதற்குப் போகும் வழியில் அவர் அணி வீழ்த்தியது, ரஸ்ஸலின் செல்டிக்ஸை!