தங்கம் தோண்டாத தனவந்தர்

1848இல் கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்ததும் பல்லாயிரம் பேர் மண்வெட்டியுடன் அங்கு விரைந்தனர். 1853இல் சான் பிரான்சிஸ்கோ வந்த லெவி ஸ்ட்ரோஸ் தங்கம் தோண்டவில்லை. மொத்தப் புடவை வியாபாரம் தொடங்கினார். சிறு கடைக்காரர்கள் அவரிடம் கொள்வனவு செய்தனர்.

அவரிடம் துணி வாங்கிவந்த ரெனோ நகரத் தையற்காரர் ஜேக்கப் டேவிஸ், தொழிலாளரின் காற்சட்டைப் பைகள் கிழியாதிருக்க மூலைகளில் செப்பு ஆணி அடித்துக் கொடுத்தார். நல்ல கிராக்கி! மற்றவர்கள் பார்த்துச் செய்துவிடுவார்களே என்ற அச்சம் ஒருபுறம். ஆக்கவுரிமை பெறப் பணமில்லாத குறை மறுபுறம். 1872இல் ஸ்ட்ரோஸுக்குக் கடிதம் எழுதி, செலவை ஏற்றால் உரிமையில் பங்கு தருவதாகக் கூறினார்.

யோசனையை அபகரிக்காமல் ஸ்ட்ரோஸ் பங்காளியானார். 1873 மே 20இல் டேவிஸின் பெயரில் வழங்கப்பட்ட ஆக்கவுரிமை இரு தரப்புக்கும் சொந்தமானது. இன்றைய ஜீன்ஸின் கதை இதுதான்.

சிறு வாடிக்கையாளரின் பேச்சைக் கேட்க நேரமில்லை என்போர் சற்று சிந்திக்கட்டும்.